ஆள் இல்லாத இடத்தில் 'உள்ளேன் ஐயா!'

சென்ற இதழில், மென்பொருளில் ஒரு சர்வீஸ் (ஏதாவது ஒரு வேலையைச் செய்து தரும் பகுதி) இன்னொரு சர்வீஸை எப்படிக் கூப்பிடுகிறது என்று போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். "நேரடி ரெஃபரன்ஸைக் கையில் வைத்துக்கொண்டே இருக்காதீர்கள், ப்ராக்ஸியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள்" என்பது அதில் ஒன்று. "அப்படியானால் எதைத்தான் வைத்துக்கொள்வது?" என்று சிலர் கோபமாகவே கேட்டிருக்கிறார்கள். நியாயமான கோபம். இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறேன். நேரடி ரெஃபரன்ஸ், ப்ராக்ஸி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வரையறை எதுவும் இல்லாமல் சொல்வீர்களா?

ப்ராக்ஸி என்ற சொல் உங்கள் வகுப்பிலேயே புழங்குகிறதே! வராத நண்பனுக்காக "உள்ளேன் ஐயா" என்று குரல் கொடுப்பது. மென்பொருளிலும் ஏறக்குறைய அதேதான்.

உங்கள் புரோகிராம் "பில் போடு" என்கிறது. அதைக் காதில் வாங்குவது பில் போடும் ஆப்ஜெக்ட் அல்ல. அதே இன்டர்ஃபேஸை, அதாவது கூப்பிடக்கூடிய மெத்தட்களின் பட்டியலை, சட்டைபோல் மாட்டிக்கொண்டு நிற்கும் ஒரு சின்ன ஆப்ஜெக்ட். உண்மையான ஆள் எங்கே இருக்கிறான் என்று தேடி, கேட்டதைக் கொண்டுபோய்க் கொடுத்து, பதிலை வாங்கி வருவது அதன் வேலை. அந்த ஆள் அதே ப்ராசஸுக்குள் இருக்கலாம், வேறு கண்டத்து சர்வரிலும் இருக்கலாம். நேரடி ரெஃபரன்ஸ் என்றால் இந்தத் தூதர் கிடையாது. ஆளின் கையையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். வேகம் உண்டு, குழப்பம் இல்லை. ஆனால் ஆள் வேலையை விட்டுப் போன பிறகும் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பீர்கள்.

யோசனை புதிதல்ல. 1984-இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் பிரெல், நெல்சன் இருவரும் ரிமோட் ப்ரொசீஜர் கால் (வேறு கணினியில் இருக்கும் ப்ரொசீஜரைக் கூப்பிடுவது) பற்றி எழுதியபோது இந்தத் தூதருக்கு 'ஸ்டப்' என்று பெயர் வைத்திருந்தார்கள். 1986-இல் மார்க் ஷாப்பிரோ, ஒரு சர்வீஸைப் பயன்படுத்த வேண்டுமானால் அதன் உள்ளூர்ப் பிரதிநிதி வழியாகத்தான் போக வேண்டும் என்று அதை ஒரு கொள்கையாகவே முன்வைத்தார். 'ப்ராக்ஸி கொள்கை' என்றுதான் அதற்குப் பெயர்.

கேள்வி: எங்கள் ஓஎஸ்ஜிஐ அப்ளிகேஷனில் சர்வீஸை ஒருமுறை வாங்கி கிளாஸின் ஃபீல்டில் வைத்துக்கொள்கிறோம். மூன்று வருடமாக ஒரு பிரச்சினையும் இல்லை. புதிதாக வந்த டீம் லீட் "தப்பு" என்கிறார். வேலை செய்வதை ஏன் மாற்ற வேண்டும்?

உங்கள் டீம் லீடுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இதே கேள்வியை இதே தொனியில் நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். பதில் கிடைத்த விதம்தான் கொஞ்சம் அவமானகரமானது.

அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் தள்ளுபடி கணக்கிடும் சர்வீஸ் ஒன்று இருந்தது. ஓஎஸ்ஜிஐ என்பது ஜாவா அப்ளிகேஷனைப் 'பண்டில்' என்ற துண்டுகளாகப் பிரித்து ஓட்டும் ஏற்பாடு. அதன் பெருமையே, மொத்த அப்ளிகேஷனையும் நிறுத்தாமல் ஒரு பண்டிலை மட்டும் கழற்றிப் புதியதை மாட்டலாம் என்பதுதான். அதைத்தான் செய்தோம். தள்ளுபடி விதி மாறியது, புதிய பண்டிலை ராத்திரி ஏற்றினோம், கன்சோலில் 'ஆக்டிவ்' என்று வந்தது, தூங்கப் போனோம். ஆறு நாள் கழித்துக் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. சில ஆர்டர்களுக்குப் புதிய விதிப்படி தள்ளுபடி, சிலவற்றுக்குப் பழைய விதிப்படி. இரண்டும் ஒரே சர்வரிலிருந்து, ஒரே மணி நேரத்தில்.

முதலில் டேட்டாபேஸைச் சந்தேகப்பட்டோம். அப்புறம் கேஷ். கேஷைக் காலி செய்தோம், மாற்றமில்லை. கடைசியில் ஹீப் டம்ப் (மெமரியில் இருக்கும் ஆப்ஜெக்டுகளின் நகல்) எடுத்துத் திறந்தேன். தள்ளுபடி கிளாஸின் பெயரைத் தேடினால் ஒரு வரி வர வேண்டிய இடத்தில் இரண்டு வரி. எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர், ஆனால் இரண்டு வேறு கிளாஸ்லோடர் (கிளாஸை மெமரிக்குக் கொண்டுவருவது; பண்டிலுக்கு ஒன்று). பழையதன் மேல் சுட்டி வைத்து, அதை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஆர்டர் கிளாஸின் ஃபீல்டு. கன்ஸ்ட்ரக்டரில் ஒருமுறை வாங்கிப் போட்டது. எழுதியவர் பெயரையும் கோட் வரலாற்றில் பார்த்தேன். நான்தான்.

நடந்தது இது. பண்டிலைக் கழற்றினால் சர்வீஸ் ரெஜிஸ்ட்ரியிலிருந்து அந்தச் சர்வீஸ் நீக்கப்படுகிறது, புதிதாகத் தேடுகிறவர்களுக்கு அது கிடைக்காது. ஆனால் ஏற்கெனவே ஆப்ஜெக்டைக் கையில் பிடித்திருப்பவரிடமிருந்து அதைப் பிடுங்க ஜாவாவில் வழி இல்லை. யாராவது பிடித்திருக்கும்வரை, வேண்டாத ஆப்ஜெக்டுகளை மெமரியிலிருந்து அகற்றும் கார்பேஜ் கலெக்டர் அதைத் தொடாது. அந்த ஆப்ஜெக்டைத் தொடாததால் அதன் கிளாஸையும், கிளாஸ்லோடரையும் தொடாது. ஒரு பண்டிலே மெமரியில் ஆவியாகத் திரியும். கெட்டுப்போய் எக்ஸெப்ஷன் வீசியிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்போம். அது மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது, தப்பான பதிலை.

உங்களுக்கு மூன்று வருடமாகப் பிரச்சினை வரவில்லை என்றால், நீங்கள் ஓடும்போது பண்டிலை மாற்றுவதே இல்லை, ஒவ்வொரு முறையும் முழுசாக ரீஸ்டார்ட் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் ஃபீல்டில் வைத்திருப்பதில் குற்றமில்லை. என்றைக்கு ரீஸ்டார்ட் செய்யாமல் மாற்றுகிறீர்களோ அன்றைக்கு வினை. சர்வீஸ் வருவதையும் போவதையும் கவனிக்கும் ஓஎஸ்ஜிஐயின் சர்வீஸ் ட்ராக்கரைப் பயன்படுத்துங்கள், தேவைப்படும் இடத்தில் கேட்டு வாங்கி, மெத்தட் முடிவதற்குள் விட்டுவிடுங்கள். என்ன வேண்டும் என்று அறிவித்தால் போதும் என்ற டிக்ளரேட்டிவ் சர்வீசஸ் இருந்தால் இன்னும் நல்லது. சர்வீஸ் போகும்போது அதுவே சொல்லிவிடும், அதை நம்பியிருக்கும் காம்பொனென்டையும் தேவைக்கேற்ப நிறுத்திவிடும்.

கேள்வி: அப்படியானால் எல்லா இடத்திலும் ப்ராக்ஸி போட்டுவிட்டால் தீர்ந்ததா?

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். மேலே சொன்ன ஆறு நாள் கூத்துக்குப் பிறகு அடுத்த கோடிக்கு ஓடினோம். எல்லாவற்றையும் ஓஎஸ்ஜிஐயின் இன்னொரு ஏற்பாடான புளூபிரிண்டுக்கு மாற்றினோம். புளூபிரிண்ட் உங்களிடம் சர்வீஸைத் தராது, ப்ராக்ஸியைத் தரும். பின்னால் பண்டில் மாறினால் ப்ராக்ஸி சத்தமில்லாமல் புதியதைப் பிடித்துக்கொள்ளும். பழைய ஆவித் தொல்லை போயிற்று.

சில மாதம் கழித்து ஒரு நாள் மொத்த அப்ளிகேஷனும் நின்றது. விழவில்லை, நின்றது. சிபியு கிட்டத்தட்ட சும்மா இருக்கிறது. லாகில் ஒரு பிழை இல்லை. த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல்) எடுத்தால் 200 த்ரெட்டும் ஒரே வரியில் காத்திருக்கின்றன. புதிய பண்டில் ஒன்று சரியாகக் கிளம்பவில்லை, அதனால் அந்தச் சர்வீஸ் இல்லை. ப்ராக்ஸி என்ன செய்தது? "இதோ வந்துவிடுவார், உட்காருங்கள்" என்று ஒவ்வொருவரையும் உட்கார வைத்தது. எவ்வளவு நேரம்? புளூபிரிண்டில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 3,00,000 மில்லிசெகண்ட், அதாவது ஐந்து நிமிடம். அதற்கு அப்புறம்தான் 'சர்வீஸ் இல்லை' என்ற எக்ஸெப்ஷன் வரும். எங்களுக்கு அந்தச் சர்வீஸைத் தொடும் ரிக்வெஸ்ட் விநாடிக்குப் பத்து வந்துகொண்டிருந்தது. கணக்குப் போடுங்கள், இருபது விநாடியில் 200 த்ரெட்டும் காலி. முதல் பிழை லாகில் விழுவதற்கு இன்னும் நாலரை நிமிடத்துக்கு மேல் பாக்கி. எங்கள் ஆள் ஒருவர் அதற்குள் இரண்டு தடவை ரீஸ்டார்ட் செய்துவிட்டார், அதனால் அந்தப் பிழை லாகில் வரவே இல்லை!

தப்பு புளூபிரிண்டின் மேல் இல்லை. பண்டிலை மாற்றும் சில விநாடிகளைத் தாங்குவதற்காகத்தான் காத்திருப்பு. அந்த எண்ணை நாங்கள் பார்க்கவே இல்லை. இரண்டு விநாடி என்று மாற்றினோம்.

நேரடி ரெஃபரன்ஸ் வைத்திருந்த காலத்தில், ஆள் போனது எனக்குத் தெரியவில்லை. ப்ராக்ஸி காலத்தில் ஆள் போனது ப்ராக்ஸிக்குத் தெரியும், எனக்குச் சொல்லவில்லை. சர்வீஸ் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ப்ராக்ஸி மறைக்கலாம், அதற்குத்தான் அது. இருக்கிறதா இல்லையா என்பதை மறைக்க அதற்கு உரிமை கொடுக்கக் கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். கீழே உள்ள பதில்களெல்லாம் இதன் குட்டிகள்.

கேள்வி: ப்ராக்ஸி வழியாகக் கூப்பிடுவது சாதாரண மெத்தட் கால் போலவே இருக்கிறது. ஆனால் எங்கள் ரிப்போர்ட் பக்கம் திறக்க ஐந்து விநாடி ஆகிறது. டேட்டாபேஸ் வேகமாகத்தான் இருக்கிறது. எங்கே தேடுவது?

லூப்பைத் தேடுங்கள். நீங்கள் அனுப்பிய கோட் துண்டில் 800 வரிசைகள், ஒவ்வொன்றுக்கும் பெயர், விலை, இருப்பு, நிலை என்று நாலு கெட்டர், அதாவது விவரத்தை எடுத்துத் தரும் மெத்தட். அந்த ஆப்ஜெக்ட் ப்ராக்ஸி என்றால் 3,200 முறை நெட்வொர்க்கில் போய் வருகிறீர்கள். ஒன்றுக்கு ஒன்றரை மில்லிசெகண்ட் என்று வைத்தால் 4.8 விநாடி. ப்ராசஸுக்குள்ளேயே இருந்தால் ஒரு மெத்தட் காலுக்குச் சில நானோசெகண்ட்தான், மொத்தமும் கண் சிமிட்டுவதற்குள் முடிந்திருக்கும். "போலவே இருக்கிறது" என்றீர்களே, வினை அங்கேதான்.

1994-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜிம் வால்டோவும் உடனிருந்த மூவரும் இதைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார்கள். உள்ளூர் ஆப்ஜெக்டையும் தொலைவில் இருக்கும் ஆப்ஜெக்டையும் ஒன்றுபோல நடத்த முடியாது என்பது வாதம். தாமதம் வேறு, மெமரியை அணுகும் விதம் வேறு, பாதி வேலை செய்து பாதி விழுந்துபோவது உள்ளூரில் கிடையாது, ஒரே நேரத்தில் பலர் தொடுவதும் வேறு மாதிரி. அந்த நால்வரில் ஒருவரான ஆன் வோல்ராத் பிறகு, தொலைவில் இருக்கும் ஆப்ஜெக்டைக் கூப்பிட உதவும் ஜாவா ஆர்எம்ஐயை வடிவமைத்தார். 1997-இல் ஜாவாவின் ஜேடிகே 1.1 பதிப்புடன் அது வந்தபோது, தொலைவில் போகும் ஒவ்வொரு மெத்தடும் 'ரிமோட்எக்ஸெப்ஷன்' என்று வெளிப்படையாக அறிவித்தே தீர வேண்டும் என்ற விதி அதில் இருந்தது. எல்லோரும் அதைத் திட்டினோம். கூப்பிடும் ஒவ்வொரு இடத்திலும் பிழையைப் பிடிக்க ஒரு ட்ரை-கேட்ச். இப்போது யோசித்தால் அது ஒரு நாகரிகமான எச்சரிக்கைப் பலகை.

உங்களுக்கு மருந்து எளிது. 800 ஐடிகளையும் ஒரே பட்டியலாக அனுப்பி, நாலு விவரத்தையும் ஒரே பதிலில் வாங்குங்கள். ஒரு பயணம் போதும்.

கேள்வி: ஜாவாவின் ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க்கில் ட்ரான்ஸாக்ஷன் குறியீடு போட்ட மெத்தடை அதே கிளாஸின் இன்னொரு மெத்தடிலிருந்து கூப்பிட்டால் ட்ரான்ஸாக்ஷன் தொடங்குவதில்லை. பிழையா?

பிழை இல்லை. ட்ரான்ஸாக்ஷனைத் தொடங்குவது வாசலில் நிற்கும் ப்ராக்ஸி. வீட்டுக்குள் இருந்துகொண்டே சமையலறைக்குப் போகிறவர் வாசலைத் தாண்டுவதில்லையே. அந்த மெத்தடை வேறு கிளாஸுக்கு நகர்த்துங்கள். இதோடு ஒட்டிய இன்னொன்று: ஒரு ஆப்ஜெக்ட் தன்னையே, அதாவது 'திஸ்'-ஐ, வெளியே கொடுத்தால் ப்ராக்ஸியைத் தாண்டி நேரடி ரெஃபரன்ஸ் கசிந்துவிடும். அப்புறம் வாசலில் யார் நின்றும் பயனில்லை.

கேள்வி: ஐயா, ஆர்டர் சர்வீஸ் பதில் தராததால் எங்கள் ப்ராக்ஸி மீண்டும் முயன்றது. ஒரே ஆர்டர் இரண்டு தடவை பதிவாகிவிட்டது. இந்த ரீட்ரையையே (மறுமுயற்சியையே) எடுத்துவிடலாமா?

எடுக்க வேண்டாம், அதற்கு வரம்பு போடுங்கள். டைம்அவுட் என்றால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தமல்ல, பதில் வரவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். ரிக்வெஸ்ட் போகும் வழியில் தொலைந்ததா, பதில் வரும் வழியில் தொலைந்ததா என்று கூப்பிட்டவருக்குத் தெரியாது. ப்ராக்ஸிக்கும் தெரியாது. தெரிந்ததுபோல் அது நடந்துகொண்டதுதான் தவறு.

சர்வர்களுக்கு முன்னால் ப்ராக்ஸியாக நிற்கும் என்ஜின்எக்ஸில் 1.9.13 பதிப்பிலிருந்து, சர்வருக்கு அனுப்பிவிட்ட 'போஸ்ட்' ரிக்வெஸ்டை (ஆர்டர் பதிவு போன்றவற்றுக்குப் பயன்படுவது), நாமாகச் சொன்னாலொழிய, அது அடுத்த சர்வருக்கு அனுப்பாது. அதே ஜாக்கிரதை உங்களிடமும் வேண்டும். விவரம் கேட்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம். ஆர்டர் போடுவது, பணம் எடுப்பது போன்றவற்றுக்கு, கூப்பிடுகிறவரே ஒரு தனி எண்ணை உருவாக்கி அனுப்பட்டும். அதே எண் மறுபடி வந்தால் சர்வீஸ் புதிதாக எதுவும் செய்யாமல் பழைய பதிலையே திருப்பித் தரட்டும்.

எத்தனை அடுக்கில் ரீட்ரை இருக்கிறது என்றும் எண்ணிப் பாருங்கள். மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் மூன்று முறை முயன்றால், அடியில் இருக்கும் சர்வீஸுக்கு ஒரு ரிக்வெஸ்ட் 27 ஆகப் போய்ச் சேரும். ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவன் தலையில் 27.

கேள்வி: பல சர்வர்களில் அப்ளிகேஷன்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் ஒரு சர்வீஸுக்கு மூன்று பாட் (ஓடும் பிரதி) வைத்திருக்கிறோம். ஒன்று மட்டும் திணறுகிறது, மற்ற இரண்டும் தூங்குகின்றன. முன்னால் குபர்நெட்டிஸின் ப்ராக்ஸிதானே இருக்கிறது? ஜிஆர்பிசி பயன்படுத்துகிறோம்.

கடைசி வரியில் எழுதியிருப்பதுதான் காரணம். குபர்நெட்டிஸின் சாதாரண சர்வீஸ் முகவரி, கனெக்ஷனைத்தான் பங்கிடும், ரிக்வெஸ்டை அல்ல. சர்வீஸ்கள் ஒன்றையொன்று கூப்பிட உதவும் ஜிஆர்பிசி, ஹெச்டிடிபி/2 மேல் ஓடுகிறது. ஒரே கனெக்ஷனைத் திறந்து, எல்லா ரிக்வெஸ்டையும் அதற்குள்ளேயே அனுப்பும். முதல் கனெக்ஷன் எந்தப் பாட்டில் விழுந்ததோ அதுவே சுமக்கும். பெயரளவில் ப்ராக்ஸி, நடைமுறையில் ஒரு பாட்டின் கையைப் பிடித்த நேரடி ரெஃபரன்ஸ்.

இந்த மாறுவேடம் பல இடத்தில் உண்டு. என்ஜின்எக்ஸில் பின்னால் இருக்கும் சர்வரின் பெயரை கான்ஃபிகில் அப்படியே எழுதினால், பெயரை ஐபி ஆக மாற்றுவது பொதுவாக அது கிளம்பும்போது ஒருமுறைதான். அப்புறம் டிஎன்எஸ்ஸில் முகவரி மாறினாலும் பழைய முகவரிக்கே போய்த் தட்டிக்கொண்டிருக்கும், நீங்கள் ரீலோட் செய்யும்வரை. ஆகவே "நடுவில் ப்ராக்ஸி இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "அது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை விட்டுப் பிடிக்கிறது?"

உங்களுக்கு இரண்டு வழி. பொது முகவரி இல்லாத 'ஹெட்லெஸ்' சர்வீஸாக மாற்றி, மூன்று பாட்களின் முகவரியையும் கிளையன்டே வாங்கி முறைவைத்து அனுப்புவது ஒன்று. ஜிஆர்பிசி தானாகச் செய்யாது, முதலில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வதுதான் அதன் சுபாவம், 'ரவுண்ட் ராபின்' என்று நீங்கள் சொல்ல வேண்டும். அல்லது ரிக்வெஸ்ட் அளவில் பிரிக்கத் தெரிந்த என்வாய் போன்ற ப்ராக்ஸியை நடுவில் வைப்பது. எந்த வழியானாலும் சர்வர் பக்கம் கனெக்ஷனுக்கு அதிகபட்ச ஆயுள் ஒன்று வையுங்கள். புதிதாக நாலாவது பாட் வந்தால் அதற்கும் வேலை போய்ச் சேர வேண்டுமே.

கேள்வி: எங்களிடம் நான்கு சர்வீஸ்கள். சர்வீஸ் மெஷ் போடலாமா?

வேண்டாம். மெஷ் என்றால் பொதுவாக ஒவ்வொரு சர்வீஸின் பக்கத்திலும் ஒரு ப்ராக்ஸி. ஒவ்வொரு காலும் கூடுதலாக இரண்டு ப்ராக்ஸியைத் தாண்டும், அவற்றைப் பராமரிக்க ஒரு ஆள் வேண்டும். நாற்பது ஆனதும் மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: நாங்கள் பயன்படுத்தும் ப்ராக்ஸி உண்மை பேசுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கோட் முழுக்கப் படிக்க நேரமில்லை.

படிக்க வேண்டாம். சோதனைச் சூழலில் ரிக்வெஸ்ட்களை ஓட விட்டு, பின்னால் இருக்கும் சர்வீஸை நிறுத்துங்கள். முதல் பிழை கூப்பிட்டவர் கைக்கு வர எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் சர்வீஸைக் கிளப்பி, முதல் சரியான பதில் வர எத்தனை விநாடி என்று அளந்துகொள்ளுங்கள். மூன்றாவது சோதனையைத்தான் பலரும் மறந்துவிடுவார்கள்: ப்ராசஸைக் கொல்லாமல் உறைய வைப்பது. லினக்ஸில் 'கில்' கட்டளைக்கு 'ஸ்டாப்' சிக்னல் கொடுத்தால் போதும். ப்ராசஸ் இருக்கும், போர்ட் திறந்தே இருக்கும், கனெக்ஷன்கூட ஏற்கப்படும், பதில் மட்டும் வராது. செத்த சர்வீஸைப் பல ப்ராக்ஸிகள் கண்டுபிடித்துவிடும், உறைந்ததைக் கண்டுபிடிக்க டைம்அவுட் ஒன்றுதான் வழி. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி போல, நீங்கள் எண் கொடுக்காவிட்டால் டைம்அவுட்டே இல்லாமல் காத்திருப்பவை உண்டு.

நாங்கள் முதல் தடவை இந்த மூன்றாவது சோதனையைச் செய்தபோது, அளப்பதற்காகக் கையில் வைத்திருந்த கடிகாரத்தைப் பத்து நிமிடத்தில் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தபோதும் ப்ராக்ஸி காத்துக்கொண்டுதான் இருந்தது.